விடியும்வரை காத்திருக்கலாமா?



தினமும் பல் துலக்குகிறோம், நாக்கு வழிக்கிறோம். நாக்கை மேலே தூக்கி அதன் அடிப்பக்கத்தை என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? பெரும்பாலானவர்கள் பார்த்திருக்க மாட்டோம். அங்கே ஏதோ உறுத்துகிறது, வீங்கியிருக்கிறது என்று தோன்றும் அன்றைக்குத்தான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நிற்கிறோம். அப்போது கண்ணில் படுவதெல்லாம் பயமுறுத்துகிறது. எப்போதும் அங்கேயே இருக்கும் நீல நரம்புகூடப் புதிதாக வந்த நோய் மாதிரித் தெரிகிறது.

இந்த இதழில் இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. நாக்குக்கு அடியில் திடீரென்று வரும் வீக்கத்தில் முக்கால்வாசி சமாளிக்கக் கூடியது. ஆனால் ஒரு சில வீக்கங்கள், சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். இரண்டும் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. நம் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்கிறோம்: "உடம்பு சூடு. மோர் குடிச்சுட்டுப் படு, விடியட்டும், பார்த்துக்கலாம்."

நான் மருத்துவர் இல்லை. வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. எந்த வீக்கத்துக்கு விடியும்வரை காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்பது மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில், அங்கே இயல்பாக என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். நாக்கைத் தூக்கினால் நடுவில் ஒரு மெல்லிய மடிப்பு, நாக்கை வாயின் தரையோடு இணைத்துப் பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் நீல நிறத்தில் ரத்தக் குழாய்கள். வயதாக ஆக இவை புடைத்து, சின்னச் சின்ன முடிச்சுகளாகத் தெரியும். அது பெரும்பாலும் வயதின் அடையாளம், நோய் இல்லை. மடிப்பின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டி மேடு இருக்கும். தாடைக்கு அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் வந்து திறக்கும் வாசல் அதுதான். சிலருக்குக் கீழ்ப் பல் வரிசையின் உள்பக்கத்தில் எலும்பே கொஞ்சம் துருத்திக்கொண்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும். பல வருடங்களாக இருந்ததை ஒரு நாள் நாக்கு தற்செயலாகத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். உடனே 'கேன்சரோ' என்று ராத்திரித் தூக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, வலி இல்லை, வளரவில்லை என்றால் அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது காட்டிக்கொண்டால் போதும்.

இப்போது வீக்கத்துக்கு வருவோம்.

மதியச் சாப்பாடு. முதல் வாய் சோற்றை வைத்ததும், அதுவும் புளிக்குழம்பு அல்லது ஊறுகாய் என்றால் கேட்கவே வேண்டாம், தாடைக்கு அடியில் ஒரு பக்கம் சுரீரென்று இழுக்கிறது. நாக்குக்கு அடியில் உப்புகிறது. சாப்பிட்டு முடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுபடியும் அதே கதை. இப்படி சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து வருகிற வீக்கம் என்றால், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது உமிழ்நீர்க் குழாயில் கல்.

சிறுநீரகத்தில் கல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எச்சில் குழாயில்கூட கல் வருமா? வரும். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறோம். அதில் கால்சியம் இருக்கிறது. தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின் உமிழ்நீர் கொஞ்சம் கெட்டியானது. அதன் குழாயும் சுமார் 5 சென்டிமீட்டர் நீளம், கீழிருந்து மேல்நோக்கிப் போகிறது. ஓட்டம் மெதுவாகும்போது சுண்ணாம்பு படிந்து கல்லாகிறது. அதனால்தான் உமிழ்நீர்க் கற்களில் பத்தில் எட்டுக்கு மேல் இந்தச் சுரப்பியிலேயே வருகின்றன. பசி, புளிப்பு, சாப்பாட்டு வாசனை எல்லாம் சுரப்பியை வேலை வாங்கும். வெளியே வர வழியில்லாமல் எச்சில் உள்ளேயே தேங்கும்போதுதான் வீக்கமும் வலியும்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களிடமும், வாயை உலர வைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களிடமும் இது அதிகம் பார்க்கப்படுகிறது. சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், மனநல மருந்துகளில் சில இந்த வகை. அதற்காக யாரும் அவற்றைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் கடையில் நின்று வியாபாரம் பார்ப்பவர்களும், பஸ் ஓட்டுகிறவர்களும், பாத்ரூம் வசதி இல்லாத இடத்தில் வேலை பார்ப்பதால் தண்ணீரையே தவிர்க்கிற பெண்களும் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

கடுகு அளவுக் கல் என்றால் நிறைய தண்ணீர், வெளியிலிருந்து மெதுவாகத் தடவிவிடுதல், வெதுவெதுப்பான ஒத்தடம், ஒரு எலுமிச்சை மிட்டாய் என்று தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு. பெரிதாக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். குழாய் வாசலிலேயே இருக்கும் கல்லை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள். இன்னும் உள்ளே இருந்தால், குழாய்க்குள்ளேயே மெல்லிய கேமரா விட்டுப் பார்த்து எடுக்கும் முறையும் வந்துவிட்டது. கல்லை அப்படியே விட்டு வைத்தால்தான் தொல்லை. தேங்கிய எச்சிலில் கிருமி சேர்ந்து, காய்ச்சல், சிவப்பு, குழாய் வாசலில் சீழ் என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

வலியே இல்லாமல் வருகிற வீக்கம் ஒன்று உண்டு. நாக்கின் ஒரு பக்கத்துக்கு அடியில், லேசான நீல நிறத்தில், பளபளவென்று ஒரு நீர்க்கட்டி. 'ரானுலா' என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சின்னச் சுரப்பியில் எங்கோ ஒரு கசிவு. எச்சில் திசுவுக்குள் சேர்ந்து கட்டியாகிறது. பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும் அதிகம். இதை ஊக்கால் குத்தி உடைத்துவிடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குத்தினால் நீர் வடியும், 'ஆச்சு, சரியாப் போச்சு' என்று தோன்றும், சில நாளில் மறுபடி நிறையும். கூடவே கிருமியும் போய்ச் சேரும். கசியும் சுரப்பிக்கு வைத்தியம் பார்க்காமல் கட்டியை மட்டும் வடித்தால் இது திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் மருத்துவ அனுபவம். ஆனால் அவசரம் இல்லை. இந்த வாரத்தில் ஒரு நாள் போய்க் காட்டலாம்.

குழந்தைகளுக்கு வரும் பொன்னுக்கு வீங்கியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். காதுக்கு முன்னால் கன்னம் வீங்குவதுதான் வழக்கம் என்றாலும், தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியும் சேர்ந்து வீங்கலாம். கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது பாட்டியின் பிரியம்; போட்டுக்கொள்ளட்டும். ஆனால் தடுப்பது ஊசிதான். அரசின் இலவச அட்டவணையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைப் பெரும்பாலும் தனியார் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்களேன்.

இனி, காத்திருக்கக் கூடாதவை. இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் அழுத்திப் பேச விரும்புகிறேன்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மாதக் கணக்கில் வலிக்கிறது, போகிறது. வலிக்கும்போது ஒரு கிராம்பு, இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் "பல் வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க". பல் மருத்துவரிடம் போனால் பிடுங்கச் சொல்வார், ரூட் கெனால் என்றால் ஆயிரக்கணக்கில் கேட்பார் என்று தள்ளிப்போடுகிறோம். எத்தனை வீடுகளில் நடக்கவில்லை இது? அம்மாவுக்குப் பல் வலி என்றால் தீபாவளி முடியட்டும், பொண்ணு பரீட்சை முடியட்டும், சீட்டுப் பணம் வரட்டும். அம்மாவே அப்படித்தான் சொல்லுவாள்.

அந்தப் பற்களின் வேர் எங்கே முடிகிறது என்று தெரிந்தால் அப்படித் தள்ளிப்போட மாட்டோம். கடைசி இரண்டு கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி, வாயின் தரையாக இருக்கும் தசைக்கும் கீழே போய்விடுகிறது. அங்கே சேரும் சீழ் வாய்க்குள் உடைந்து வராமல், தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கமாக இறங்குகிறது. அங்கிருந்து நாக்குக்கு அடியிலும், அடுத்த பக்கத்துக்கும் பரவுகிறது. நாக்குக்குக் கீழே போக இடமில்லை. அது மேலேயும் பின்னாலேயும் தள்ளப்படுகிறது. பின்னால் இருப்பது மூச்சுப் பாதை.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஃபிரெடரிக் வான் லுட்விக் 1836-ல் இதை விவரித்து எழுதினார். இன்றைக்கும் இது 'லுட்விக்ஸ் ஆஞ்சைனா' என்றே அழைக்கப்படுகிறது. ஆஞ்சைனா என்றதும் நெஞ்சுவலி என்று நினைக்க வேண்டாம். இதயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். இப்போது சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். சரியான நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த நோயில் நிலைமை நாள் கணக்கில் இல்லாமல் மணிக் கணக்கில் மாறும்.

எப்படித் தெரியும்? தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கி, தொட்டால் இறுகிப்போய் இருக்கும். காய்ச்சல் அடிக்கும். வாய் முழுதாகத் திறக்காது. எச்சிலை விழுங்க முடியாமல் ஓரத்தில் வழியும். சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறிவிடும். மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். இதில் எச்சில் வழிவது, குரல் மாறுவது, படுக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று வந்துவிட்டாலே மணி எத்தனை என்று பார்க்க வேண்டாம். கிளம்பிவிட வேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் வீட்டில் இன்னும் கவனம் தேவை. ஐ.சி.எம்.ஆர். துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அநேகமாக நம் எல்லோர் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது பல்லின் சீழ் வேகமாகப் பரவும். காலில் புண் வந்தால் பதறுகிறோமே, அந்தப் பதற்றத்தில் பாதியாவது சொத்தைப் பல்லுக்கும் வர வேண்டும். சர்க்கரை செக்கப்புக்குப் போகும் மாதத்திலேயே பல்லையும் காட்டிவிட்டு வந்தால் என்ன?

தாடை வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்று போடுவது, உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் சூடாக ஒத்தடம் கொடுப்பது நம் பழக்கம். கல் அடைத்த வீக்கத்துக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் இதம் தரும் என்று மேலே சொன்னேன். பல்லிலிருந்து வந்த சீழ் வீக்கத்துக்கு வெளியிலிருந்து சூடு வைக்க வேண்டாம் என்றே பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே வீக்கம். அதனால்தான் எதனால் வந்தது என்று தெரியாமல் ஒத்தடத்தில் இறங்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது இன்னும் வேகமானது: அலர்ஜி. எறால் சாப்பிட்ட அரை மணியில், நிலக்கடலை சாப்பிட்ட சில நிமிடங்களில், குளவி கொட்டியதும், ஒரு மாத்திரை போட்டதும் உதடு, நாக்கு, நாக்குக்கு அடி எல்லாம் உப்பிவிடுகிறது. உடம்பில் தடிப்பும் அரிப்பும் சேர்ந்து வரலாம். "இத்தனை வருஷமா எறால் சாப்பிடறேனே, ஒண்ணும் செஞ்சதில்லையே" என்பது காரணமே ஆகாது. பெரியவர்களான பிறகும் புதிதாக அலர்ஜி தொடங்கலாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளும், பெனிசிலின் வகை ஆன்டிபயாட்டிக்குகளும் இதைச் செய்யக்கூடியவை. பல் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தானே! வீக்கம் பல்லால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று மருத்துவரே குழம்ப வேண்டியிருக்கும். அதனால் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இதில் நம் வீடுகளில் இருக்கும் ஒரு நம்பிக்கையையும் பேசிவிட வேண்டும். "ஒரு அவில் போட்டாப் போதும்", "ஒரு செட்ரிசின் போட்டுட்டுப் படு." வெறும் தடிப்பு, அரிப்பு என்றால் சரி. நாக்கு வீங்கி, மூச்சு இழுத்து, குரல் கம்மி, தலை சுற்றுகிறது என்றால் அந்த மாத்திரை போதாது. அப்போது முதலில் கொடுக்க வேண்டிய மருந்து அட்ரினலின். தொடைத் தசையில் போடும் ஊசி. அது ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். ஊசி போட்டு எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் சில மணி நேரம் இங்கேயே இருங்கள் என்று மருத்துவர் சொன்னால், அதைப் பில் ஏற்றும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அடங்கிய வீக்கம் சில மணி நேரம் கழித்து மறுபடி வருவது உண்டு.

சில பிரஷர் மாத்திரைகளாலும் நாக்கு வீங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எனாலாப்ரில், ராமிப்ரில், லிஸினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. நல்ல மருந்துகள், லட்சக்கணக்கானவர்களின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுபவை. இவற்றின் கதையே ஒரு பாம்பில் தொடங்குகிறது. பிரேசிலில் ஜரராகா என்கிற விரியன் கடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சரிந்துவிடும். 1940-களின் கடைசியில் அங்கே ரோச்சா இ சில்வாவும் சக ஆய்வாளர்களும் அந்த விஷத்தை ஆராய்ந்தபோதுதான், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அது உடம்பில் சிதையாமல் விஷம் தடுக்கிறது என்பதை அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரெய்ரா பின்னால் காட்டினார். அந்த வழியில் போய் அமெரிக்காவில் உருவான கேப்டோப்ரில் 1981-ல் விற்பனைக்கு வந்தது. மேலே சொன்ன மாத்திரைகள் எல்லாம் அதன் உறவுதான்.

அந்தப் பிராடிகைனின்தான் மிகச் சிலருக்கு அளவுக்கு மேல் சேர்ந்து, நாக்கையும் உதட்டையும் வீங்கவைக்கிறது. ஆயிரம் பேர் சாப்பிட்டால் ஒருவரிலிருந்து ஏழு பேர் வரை என்பது கணக்கு. மாத்திரை தொடங்கிய வாரத்திலும் வரலாம். வருடக்கணக்காகச் சாப்பிட்ட பிறகு ஒரு நாள் காலையிலும் வரலாம். அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது. "பத்து வருஷமா அதே மாத்திரைதானே" என்று யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வராது. இந்த வீக்கத்துக்கு வழக்கமான அலர்ஜி மருந்துகள் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் "இவர் இந்த மாத்திரை சாப்பிடுகிறார்" என்ற ஒரு வரி தகவல் அவசர சிகிச்சை மருத்துவருக்கு மிகவும் உதவும். இப்படி ஒருமுறை வீங்கியவர் அந்த மாத்திரைக் குடும்பத்தையே மறுபடி தொடக் கூடாது. பிரஷருக்கு வேறு மாத்திரைகள் தாராளமாக இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு நன்றாக இருப்பவர்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வரும் ஆபத்து இதைவிடப் பெரிது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, வால்வு மாற்றியவர்கள் போன்றவர்களுக்கு, நாக்குக்கு அடியில் ரத்தம் கசிந்து கருநீலமாக வீங்குவதும் எப்போதாவது நடக்கும். அதுவும் உடனே ஓட வேண்டியதுதான்.

இந்த அவசரங்களில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதும் முக்கியம். தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று போய், டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தால் நேரம் போய்விடும். மூச்சுக்குக் குழாய் போட வேண்டிய நிலை வந்தால் அதற்கு மயக்க மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இருக்கிற இடம் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவு அப்படிப்பட்ட இடம். 108-ஐக் கூப்பிட்டு "நாக்கு வீங்கி மூச்சு விடக் கஷ்டப்படுகிறார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். போகிற வழியில் படுக்க வைக்க வேண்டாம், நிமிர்ந்து உட்காரட்டும். தண்ணீரோ மாத்திரையோ வற்புறுத்திக் கொடுக்க வேண்டாம்.

மெதுவாக வருகிறவற்றுக்கு வேறு அணுகுமுறை. நாக்குக்கு அடியில் ஒரு புண், ஒரு தடிப்பு, வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் அதை வைட்டமின் குறைபாடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி இல்லை என்பது ஆறுதல் இல்லை. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புகையிலை, பீடி, மது மட்டுமில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்கெட் பாக்கை "வாய் வாசனைக்குத்தானே" என்று நாள் முழுக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் நம் வீட்டிலும் ஆபீஸிலும் எத்தனை பேர்!

"கத்தி வெச்சா பரவிடும்" என்ற பயத்தில் பயாப்ஸிக்குச் சம்மதிக்காமல் மாதங்களைத் தொலைக்கிற குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பதால் வாய்ப் புற்றுநோய் பரவிவிடும் என்று பயந்து அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் அது பரவுகிறது. அப்பாவுக்கோ மாமனாருக்கோ இப்படிச் சந்தேகம் வந்தால், வீட்டில் படித்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதைவிட நீங்கள் சொல்வதை அவர் கேட்பார்.

செலவு பயம் நியாயமானதுதான். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு சொத்தையை அடைக்க ஆகும் செலவும், ஐ.சி.யூ.வில் சில நாள் இருக்க ஆகும் செலவும் ஒன்றா? கையில் பணம் இல்லை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. மாவட்ட, தாலுகா மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார். காலையில் சீக்கிரம் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டு அம்மாவை அழைத்துப் போக வேண்டியதுதான்.

ஒரு சின்ன வேலையை இந்த வாரம் செய்துவிடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "அந்த வெள்ளை மாத்திரைங்க, சின்னதா இருக்கும்" என்று டியூட்டி டாக்டரிடம் விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஊரில் அம்மா, அப்பா மட்டும் இருக்க, பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பங்கள் இந்தப் பத்திரிகையை நிறைய வாசிக்கின்றன என்பது எனக்குத் தெரியும். "லேசா வீங்கியிருக்குப்பா, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். நம்மைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் அத்தனை கவனம். ஆனால் குரல் போனிலேயே தெரிந்துவிடும். வழக்கமான குரலாக இல்லை, வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது என்றால், "நல்லா இருக்கியா" என்று கேட்காதீர்கள்; "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். எச்சில் விழுங்க முடியுதா, தண்ணி இறங்குதா, காலை நீட்டிப் படுக்க முடியுதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணனையோ, தெருவில் ஆட்டோ வைத்திருப்பவரையோ, அந்த ஊரில் இருக்கும் பள்ளித் தோழனையோ கூப்பிட்டு, அவர்களை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். மணி எத்தனையாக இருந்தாலும் அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்